கரடிப்பாறையின் ஆரஞ்சு நாடா

அத்தியாயம் ஒன்பது

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற சுபினைப் பார்த்ததும், இசக்கிசெல்வி நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்த கிண்டலை விழுங்கிக்கொண்டாள். மலை ஏறி இறங்கியே பிழைப்பவனுக்கு உடம்பில் ஒரு நிமிர்வு இருக்கும். கிளைச் சிறையில் கழித்த சில நாட்களிலேயே இவனிடம் அது காணாமல் போயிருந்தது.

"அம்மையாண சத்தியம், சேச்சி. அந்த நாடாவ நான் கெட்டல்ல," என்றான் எடுத்த எடுப்பில்.

"நீ கெட்டலைன்னு நம்புறதாலதான் பஸ் பிடிச்சு வந்திருக்கோம். கெட்டியிருந்தா போஸ்ட் கார்டு போட்டு நிறுத்தியிருப்போம்," என்றாள் இசக்கி.

அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சத்தியநேசன் குடையை ஊன்றிக்கொண்டு, "முதல்ல இருந்து சொல்லு மக்கா. ஒண்ணும் விடாத," என்றார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்ச் சாவுகளை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர் அவர். இப்போது கரமனையில் ஒரு மாடியறையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். அந்த அலுவலகத்தின் ஒரே ஊழியை இசக்கிசெல்வி.

சுபின் சொன்னான். விதுராக்காரன், அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள் என்பதால் தமிழும் மலையாளமும் அவன் வாயில் கலந்தே வந்தன.

விடுமுறைக்கு மலைக்குப் போவதென்றால் நீங்களும் நானும் இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். செத்துப்போன ஜெயகுமார் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கழக்கூட்டத்தில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருந்தவன், மூன்று நாள் மலைப் பயணத்துக்கு மூன்று மாதம் திட்டம் போட்டான். முதல் நாள் கல்லாற்றில் குளியல், மறுநாள் பொன்முடி, அதற்கு மறுநாள் கரடிப்பாறைக்கு நடைப்பயணம். யார் முன்னால் நடக்க வேண்டும், யார் எங்கே உட்கார வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்பது வரை அவன்தான் தீர்மானிப்பான். போகிற பாதையில் முன்கூட்டியே ஒரு முறை ஏறி இறங்கி, வழி பிரிகிற இடங்களில் ஆரஞ்சு நிற நாடா கட்டி வைப்பான். மற்றவர்கள் அந்த நாடாவைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய சுபின்கூட வழி சொல்லக் கூடாது.

"நாடா சுருள் உன் பையிலதானே இருந்துச்சு?"

"சுமக்க மட்டும்தான் என்னை விட்டாரு, சாரே. கெட்டினது எல்லாம் அவரு கையாலதான். உச்ச கழிஞ்சா கோட எறங்கும், வேண்டாம்னு நான் பறஞ்சேன். எல்லாரும் பாக்கக் கன்னத்துல ஒண்ணு விட்டாரு. அதத்தான் இப்போ போலீஸ் பகைன்னு எழுதியிருக்கு."

மூடுபனியைத்தான் அந்தப் பக்கத்தில் கோட என்பார்கள். அவன் சொன்னபடியே மத்தியானம் அது இறங்கியது. கரடிப்பாறையிலிருந்து இறங்கும் பாதை ஓர் இடத்தில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் எஸ்டேட் ரோடு. வலது பக்கம் கொஞ்ச தூரத்தில் பாதையும் இல்லை, மண்ணும் இல்லை, கீழே பாதாளம்தான். காலையில் இடது பக்கத்தில் இருந்த ஆரஞ்சு நாடா, ஜெயகுமார் திரும்பி வந்தபோது வலது பக்கத்தில் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் வேகமாக இறங்கிய அவன், தான் கட்டிய நாடாவை நம்பி நடந்துபோய் விழுந்துவிட்டான்.

"அந்த நேரம் மத்தவங்க எங்க இருந்தாங்க?"

"உச்சியில தண்ணி தீர்ந்துச்சு. என்னை ஓடைக்கு அனுப்பினாரு. அந்த இடைவெளியில நான் போய் நாடாவ மாத்தினேன்னு கேஸ். அப்புறம் அவரு முன்னால, நானும் அவரு பெஞ்சாதி லட்சுமி சேச்சியும் பின்னால. சேச்சியோட அம்மைக்குக் கால் முடியாதுன்னு காலையிலேயே வழி பிரியற பாறையில சோத்துப் பொதியோட உட்கார வச்சிருந்தாரு. அவங்களுக்குக் கண்ணும் அவ்வளவா தெரியாது."

"கட்டுச்சோத்துக்கு ஒரு காவல்," என்றாள் இசக்கி.

"அதே. சேச்சியும் ஏறும்போது கொஞ்ச நேரம் அம்மை கூட நின்னுட்டுத்தான் எங்களைப் பிடிச்சாங்க." சுபின் வலையைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கு ஜாமீன் மனு வருது. கெடைக்கலேன்னா நான் இதுக்குள்ளேயேதான். ஒரு மனுசனைக் கொன்னவன்னு பேரு வந்துச்சுன்னா, பின்னே எவன் என்னை நம்பி மலையேறுவான்?"



*

மறுநாள் விடிந்ததும் விதுரா தாண்டி, கல்லாறு தாண்டி, எஸ்டேட் பாதையில் இருவரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். நேற்று பெய்த மழையில் சருகெல்லாம் ஊறிக் கிடந்தது. இசக்கி இரண்டடிக்கு ஒரு முறை குனிந்து, கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையின் மேல் உப்புத் தூவினாள்.

"என் ரத்தத்தைக் குடிக்கிறதுக்கு வீட்டிலேயே ஒருத்தர் இருக்காரு, சார். இதுக்காக மலை ஏறி வரணுமா?"

"பேசாம நட, பிள்ளே. நாடாவப் பாரு."

பார்த்தாள். வழி நெடுக ஜெயகுமார் கட்டிய நாடாக்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றும் மரத்தையோ தடித்த கிளையையோ சுற்றி, தட்டையான முடிச்சு போட்டு, இரண்டு முனையும் ஒரே அளவில் தொங்கின. சத்தியநேசன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

"ரீஃப் முடிச்சு. என்.சி.சி.யில சொல்லித் தருவாங்க. எல்லாம் ஒரே கை. முனைகூட ஏறி இறங்கல. இவன் வீட்டுல சட்டை மடிச்சு வைக்கிறவங்க பாவம்."

வழி பிரிகிற பாறை வந்தது. ஓர் ஆள் சாய்ந்து உட்காரத் தோதாக இருந்தது அது. வலது பக்கத்து முகப்பில் இருந்த நாடாவைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. அதற்கு அப்பால் பாதை சறுக்கியது. சத்தியநேசன் தம் முழங்காலைப் பார்த்தார், பிறகு இசக்கியைப் பார்த்தார்.

"புரியுது," என்றாள் அவள். "நான் விழுந்தா எங்க வீட்டுக்காரருக்கு இன்ஷூரன்ஸ் வாங்கிக் குடுத்திருங்க. உங்களுக்குத்தான் அங்க ஆள் தெரியுமே."

வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கொஞ்சம் தள்ளி, ஒரு குச்சிக் கிளையில் இன்னொரு ஆரஞ்சு நாடா தொங்கியது. அதற்கு அப்பால் வெறும் ஆகாசம். இவ்வளவு தூரம் வர எந்தப் போலீஸ்காரருக்கும் மனம் வந்திருக்காது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, அந்தக் குச்சியை நாடாவோடு ஒடித்து எடுத்து மேலே வந்தாள்.

சத்தியநேசன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க பாரு. நாடாவுல இன்னொரு மடிப்பு இருக்கு. முன்னால தட்டையா ஒரு முடிச்சு விழுந்து, மழை நனைஞ்சு, அந்தத் தடம் அப்படியே நிக்குது. அப்ப இது சுருள்ல இருந்து புதுசா வெட்டினது இல்ல. இடது பக்கத்துல ஜெயகுமார் கட்டினத அவிழ்த்து இங்க மாட்டியிருக்காங்க. சுபினுக்கு அவிழ்க்க என்ன தேவை? சுருளே அவன் பையிலதானே இருந்துச்சு. வெட்டிக் கட்டியிருப்பான்."

"ம்."

"அடுத்தது. இது கிளையைச் சுத்திக் கட்டினது இல்ல. நுனி வழியா மாட்டி இறுக்கினது. ஏன் அப்படி?"

இசக்கி குச்சியைக் கையில் வாங்கினாள். அவள் கட்டைவிரல் அந்த முடிச்சின் மேல் இருந்தது. விரலில் ஒரு சுழி போட்டு, காம்புக்கு மேலே இறக்கி, ஓர் இழுப்பு. மறுபடி ஒரு சுழி, ஓர் இழுப்பு. கண் பார்க்க வேண்டியதில்லை, மனசு நினைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடியில் பிச்சிப்பூவைக் கொட்டிக்கொண்டு அவள் ஆயிரம் ஆயிரமாகப் போட்ட முடிச்சு அது.

"என்ன பிள்ளே, அட்டை நாக்கிலயும் ஏறிட்டா? நீ வாய மூடினா எனக்குப் பயமா இருக்கு."

"இது பூ கட்டுற முடிச்சு, சார்."

"நிச்சயமா?"

"நான் ஆரல்வாய்மொழிக்காரி. தோவாளைச் சந்தைக்குப் பூ கட்டித்தான் எனக்கு ஸ்கூல் பீஸு கட்டினாங்க. இந்த முடிச்சைப் பாத்துத் தெரிய வேண்டாம், தொட்டாலே தெரியும். பூ கட்டினவ கைக்கு எதைக் கொடுத்தாலும் அவசரத்துல இதுதான் வரும். கயிறானாலும் இதுதான், நாடாவானாலும் இதுதான்."

சத்தியநேசன் குடையை மடக்கினார். "நம்ம கட்சிக்காரிக்கு எந்த ஊரு?"

அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கேட்டார். இசக்கிக்கு அவர்மேல் கோபம் வந்தது.

"தோவாளை," என்றாள்.

அவர்களை இந்த வழக்கில் இறக்கியதே ஜெயகுமாரின் மனைவி ஸ்ரீலட்சுமிதான். சுபின் குற்றவாளி இல்லை, எப்படியாவது நிரூபியுங்கள் என்று கரமனை மாடிப்படியில் வந்து நின்றவள். நல்ல வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். மணிக்கட்டு மூடியிருக்கிறதா என்று அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தக் கைக்குள் என்ன இருக்கும் என்று கேட்க இசக்கிக்குத் தேவையே இருக்கவில்லை. பார்த்த அன்றே அவளைப் பிடித்துப்போய்விட்டது. ஏறும்போது ஸ்ரீலட்சுமி பாறையருகே பின்தங்கி நின்றாள் என்று சுபின் சொன்னது இப்போது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

"அவளா இருந்தா நம்மளை ஏன் சார் கூப்பிடணும்?"

"மனசாட்சி உறுத்தும். தான் செஞ்சதுக்கு இன்னொருத்தன் உள்ள போறான் இல்லையா." அவர் பெருமூச்சு விட்டார். "இறங்கு. வழியில பூ வாங்கணும். கட்டின பூ வேண்டாம். உதிரியா வாங்கு, கொஞ்சம் வாழைநாரும் வாங்கு."

*

கழக்கூட்டத்தில் எட்டாவது மாடி. கூடத்துச் சுவரில் ஜெயகுமாரின் படம் புதிதாக ஏறியிருந்தது. நேற்றுப் போட்ட மாலை வாடி, சுருங்கிக் கிடந்தது. ஸ்ரீலட்சுமி கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, சுபினுக்கு ஜாமீன் கிடைக்குமா?"

"மத்தியானம் விசாரணை. வக்கீல்கிட்ட குடுக்கிறதுக்கு ஏதாவது கிடைக்குமான்னுதான் ஓடிட்டிருக்கோம்," என்றார் சத்தியநேசன்.

"அன்னைக்குக் கோடயில கண்ணே தெரியல, சார். என் கையைப் பிடிச்சு இறக்கினது அவன். அவன் இல்லேன்னா நானும் வலது பக்கம்தான் போயிருப்பேன்."

இசக்கி பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினாள். பிச்சிப்பூ வாசம் அந்தக் குளிரூட்டிய கூடத்தில் பரவியது. "படத்துக்குப் போடலாம்னு வாங்கினேன். கட்டின பூ தீர்ந்துபோச்சாம். இந்தா, நீ கட்டு. நம்ம ஊருக்காரிக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்கணுமா?"

ஒரு பெண்ணைச் சிரித்துக்கொண்டே தூக்குமேடைக்குக் கூட்டிப் போகிற மாதிரி இருந்தது.

ஸ்ரீலட்சுமி நாரை எடுத்தாள். இரண்டு பூவை வைத்தாள். நாரைச் சுற்றினாள், சுற்றினாள், ஷூவுக்குப் போடுவதுபோல ஒரு முடிச்சு போட்டாள். பூ இரண்டும் நழுவித் தரையில் விழுந்தன. அசட்டுச் சிரிப்போடு நிமிர்ந்தாள்.

"எனக்கு இது வராது அக்கா. அம்மா என்னை நாரைத் தொடவே விடமாட்டா. போய்ப் படின்னு விரட்டுவா."

இசக்கிக்கு மூச்சு திரும்பி வந்தது. இது நடிப்பில்லை. தெரிந்த விரல் தெரியாத மாதிரி நடித்தால் எங்காவது ஓர் இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சத்தியநேசன் பக்கம் திரும்பி, 'பார்த்தீங்களா' என்று கண்ணால் கேட்டாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூவ இப்படியா மக்கா நசுக்குவே?" என்றபடி முத்தாரம்மாள் அங்கிருந்து வந்தாள். ஸ்ரீலட்சுமியின் அம்மா. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. சுவரைத் தொட்டுத் தொட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். "கொண்டா இங்க."

நார் கை மாறியது. இரண்டு பூ, எதிரே இரண்டு பூ. விரலில் ஒரு சுழி, காம்புக்கு மேலே இறக்கி, ஓர் இழுப்பு. அவள் தட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்காமல் பூவைக் கட்டிக்கொண்டே போனாள். சரம் அவள் மடியில் நீண்டது.

கட்டுச்சோத்துக்குக் காவல். நேற்று தான் அடித்த கிண்டல் இசக்கிக்கு நினைவு வந்தது. அந்தப் பாறையில், எல்லோரும் ஏறிப் போன பிறகு, காலை முழுக்கத் தனியாக இருந்த ஒரே ஆள். அவளை அங்கே உட்கார வைத்தவனே ஜெயகுமார்தான். அவன் போட்ட திட்டத்தில் அவள் ஒரு சோற்று மூட்டையோடு இன்னொரு மூட்டை. சுபினுக்கும் அப்படித்தான், போலீசுக்கும் அப்படித்தான். இசக்கிக்கும் அப்படித்தான், நினைக்க வெட்கமாக இருந்தது.

பையிலிருந்து அந்தக் குச்சியை நாடாவோடு எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

முத்தாரம்மாள் குனிந்து, நல்ல கண்ணால் அதைப் பார்த்தாள். விரல் நிற்கவில்லை. "இதையும் எடுத்திட்டியளா?" என்றாள்.

"அம்மா?" என்றாள் ஸ்ரீலட்சுமி. "என்னம்மா இது?"

"மொத நாளு ஆத்துல குளிக்கணும்னு அவருக்க பிளான்லதான் இருந்துச்சு. நான் ஒனக்க முதுகைப் பாத்தேன் மக்கா." குரல் உயரவில்லை. "கல்யாணம் முடிஞ்சு ஆறு வருசமா நீ நல்லா இருக்கேன்னு போன்ல சொன்னே. நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒனக்க முதுகுல ஒரு எடம் மிச்சமில்ல."

ஸ்ரீலட்சுமி ரவிக்கைக் கையை இழுத்துவிட்டாள். பழக்கம் விடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மத்தியானம் பனி எறங்கும்னு அந்தப் பிள்ள சொல்லி, அதுக்கு அடி வாங்கினதையும் பாத்தேன். எல்லாரும் மேல போனதும் ரெண்டு நாடாவ அவுத்து அந்தப் பக்கம் மாட்டினேன். தவந்துதான் போனேன். நீ பின்னால வருவேன்னு தெரியும். நீ வந்தா கையப் பிடிச்சு நிறுத்தணும்னு பாறையிலேயே இருந்தேன். அந்தப் பிள்ளை ஒன்னக் கூட்டிட்டு வந்திட்டான்."

"ஜெயகுமார் உங்களைப் பார்க்கலையா?" என்று கேட்டார் சத்தியநேசன்.

"எனக்க முட்டுல இடிச்சிட்டுத்தான் போனாரு." அவள் ஒரு பூவை எடுத்து, காம்பு முறிந்திருக்கவே ஒதுக்கி வைத்தாள். "ஒரு நிமிசம் நின்னாரு. ரெண்டு பக்கமும் பாத்தாரு. நான் வாயத் தொறக்கத்தான் செஞ்சேன், சாமி. நெஞ்சு அடிச்சுக்கிட்டு. 'அத்தை, வழி இதுதானா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இல்ல, அந்தப் பக்கம்னு சொல்லியிருப்பேன். கேக்கல. நாடாவப் பாத்தாரு, போயிட்டாரு."



"சுபினைப் பிடிச்சிட்டுப் போனப்ப நீங்க ஏம்மா சொல்லல?" இசக்கியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"தப்பு செய்யாத பிள்ளைய விட்டிருவாங்கன்னு நெனச்சேன். இன்னைக்கு விடுவாங்க, நாளைக்கு விடுவாங்கன்னு இருந்திட்டேன். எனக்க மவ தனியா நிப்பாளேன்னு ஒரு பயம். அவளே ஒங்களக் கூட்டியாந்தா. அதுக்கப்புறம் தெனமும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேன்." முத்தாரம்மாள் கடைசிச் சுழியை இறுக்கி, மிச்ச நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மத்தியானத்துக்குள்ள நான் போய்ச் சொன்னா அவன விட்டிருவாங்கல்லா?"

"விட்டிருவாங்க," என்றார் சத்தியநேசன். பொய்ச் சாவுகளை எத்தனையோ முறை உடைத்துப் பெருமைப்பட்டவர் அன்று தம் கைக்குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூ வாங்கும்போதே எனக்கு ரெண்டு பேர் மேலயும் சந்தேகம் இருந்துச்சு. ரெண்டு பேருமே இல்லாம இருந்தா நல்லாருக்கும்னுதான் நெனச்சேன்."

ஸ்ரீலட்சுமி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். முத்தாரம்மாள் அந்தக் கையை விரல் விரலாக விடுவித்தாள். பூ வாசம் ஒட்டிய கையால் மகளின் முதுகை, ரவிக்கைக்கு மேலாக, ஒரு முறை தடவினாள்.

சரத்தைப் படத்துக்குப் போடவில்லை. மகளின் தலையில் வைத்தாள்.

பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, வாசலில் கிடந்த செருப்பைக் காலால் தேடி மாட்டினாள். படியிறங்கும் பக்கம் எது, லிஃப்ட் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து தனியாக வெளியே போனதே இல்லை. திரும்பி இசக்கியைப் பார்த்தாள்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போவணும், மக்கா?"

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் இசக்கிசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இடது பக்கம், அம்மா. பாத்து வாங்க," என்றாள்.